வெளுத்த ஐஸ்

டம்ளரைக் கவிழ்த்து அடியில் தட்டியதும் மஞ்சள் கட்டி வழுக்கிக்கொண்டு துணியில் விழுந்தது. கலாவதி முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு ஜன்னலோரத்து ஆணியில் தொங்கவிட்டாள். நேர் கீழே எவர்சில்வர் போசியை நகர்த்தி வைத்தாள். முதல் சொட்டு விழக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. பழத்தின் வாசனை அடுப்படியைத் தாண்டி முன்னறைக்குப் போனது.

"ஆச்சா புள்ள?" கட்டிலிலிருந்து மாதப்பன் கேட்டான்.

"இப்பத்தானுங்க கட்டியிருக்கறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்தும் இப்படித்தானுங்க ஒழுகுச்சு. நீங்க அவசரப்பட்டா அது வேகமா ஒழுகுமா."

கட்டில் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. வாசனை வரும் பக்கம் திரும்பிப் படுக்கிறான் என்று கலாவதிக்குத் தெரிந்தது.

பாத்திரங்களைக் கழுவினாள். ராகி மாவைக் கரைத்து வைத்தாள். நடுவில் இரண்டு முறை துணியை அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினாள். மஞ்சள் முதலில் ஓரங்களில் வெளுக்கும். அப்புறம் உள்ளே நரம்பு நரம்பாக நிற்கும். அந்த நரம்பும் இறங்கிவிட்டால் கட்டி சுண்ணாம்புக் கல் மாதிரி ஆகிவிடும். அதன் பிறகுதான் அவனுக்கு.

வெளுத்த கட்டி கைப்பிடி அளவுதான் மிஞ்சியிருந்தது. குழவியால் தட்டி உடைத்து, இரண்டு சில்லை ஒரு மூடியில் போட்டு, மற்றதை ஃப்ரீசரில் வைத்தாள். போசியில் இறங்கியிருந்த சாறு கரும் மஞ்சளாக இருந்தது. கதவுப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, அதை ஒரே மூச்சில் குடித்தாள். புளிப்பில் தோள் சிலிர்த்தது. போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூடியோடு முன்னறைக்குப் போனாள்.

மாதப்பன் வாயைத் திறந்து காத்திருந்தான். உதடு வெடித்து ஓரங்களில் வெள்ளையாகத் தோல் நின்றது. ஒரு சில்லை நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். அது ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போய் வருவது வெளியே தெரிந்தது. கரைந்த பிறகும் வெகுநேரம் விழுங்காமல் வைத்திருந்தான்.

"மணம் மட்டும் இருக்குது" என்றான்.

"இருக்கட்டுமுங்க."

"சாரத்தையெல்லாம் நீ குடிச்சுப்போட்டு சக்கைய எனக்குத் தர்றே."

"ஆமாங்க. குடிச்சுக் குடிச்சு நாஞ் செவந்துட்டு வர்றேன். பேசாமச் சப்புங்க."

தினமும் இதே பேச்சுத்தான். சொல்லும்போது அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அந்த நாளில் அந்த வீட்டில் சிரிப்பு வருகிற இடம் அது ஒன்றுதான்.

கலாவதி எஸ்டேட் வேலையாட்கள் குடியிருக்கும் அந்த லைன் வீடுகளிலேயே பிறந்தவள். அவளுடைய தாத்தா சமவெளியிலிருந்து காப்பி பறிக்க ஏறி வந்தவர். அப்பன், ஆத்தாள், அவள் எல்லாரும் அதே எஸ்டேட்டில்தான். மாதப்பன் மாரமங்கலத்துக்காரன். காப்பிப் பழம் உரிக்கும் மெஷினில் வேலைக்கு வந்தவன் அவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். ஒரே மகள் கமலா திருப்பூரில் புருஷனோடு இருந்தாள். முதலாளி வீட்டார் பங்களாவை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, காப்பி பறித்துக்கொண்டிருந்த கலாவதியை அடுப்படிக்கு மாற்றினார்கள். பங்களா அம்மா அவளுக்குப் பழங்களை உறைய வைத்துப் பானம் செய்யக் கற்றுக்கொடுத்தாள். பட்டர் ப்ரூட், மாம்பழம், வேலியில் படர்ந்து காய்க்கும் பேஷன் ப்ரூட். லைனில் அதைத் தாட்பூட் பழம் என்பார்கள். வழித்தெடுத்து, கொட்டை நீக்கி, உறைய வைத்து, மிக்ஸியில் நொறுக்கி, கொஞ்சம் தேன் விட்டு, உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்ற வேண்டும். "கலர் இல்ல, சர்க்கரை இல்ல. பழம் மட்டும். உடம்புக்கு அவ்வளவு நல்லது" என்று அம்மா விருந்தாளிகளிடம் சொல்வாள். மே மாதத்தில் அந்த டம்ளர்களைக் கழுவியே கலாவதியின் விரல் ஊறிவிடும்.

மாதப்பனுக்குப் பிரஷர் இருந்தது யாருக்கும் தெரியாது. முகம் வீங்கியபோது பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். கால் வீங்கியபோது நின்றே வேலை பார்ப்பதால் என்றார்கள். மூச்சு வாங்கிக் கீழே கொண்டுபோனபோது இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தன. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் சேலத்துக்குப் பஸ். வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்குவான். மெஷினில் ரத்தம் சுத்தமாகித் திரும்பி ஏறும்போது அவள் தோளில் சாய்ந்து தூங்குவான்.

மெஷின் அறையில் மரியசெல்வி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். முதல் நாளே கலாவதியைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்.

"தண்ணி அளந்து குடுக்கணும். கேக்கறப்பெல்லாம் குடுத்தா நெஞ்சுல போய் நிக்கும். அது ஒண்ணு. இன்னொண்ணு பழம். இளநீ, பழச்சாறு, வாழப்பழம் எதுவும் கூடாது."

"பழம் நல்லதுன்னு சொல்வாங்களேங்க சிஸ்டர்."

"நமக்கு நல்லது. அவருக்கு இல்ல. பழத்துல ஒரு உப்பு இருக்குது. நாம குடிச்சா ஒண்ணுக்குல போயிரும். அவருக்குப் போற வழி இல்ல. ரத்தத்துல சேந்து நெஞ்சத் துடிக்க விடாமப் பண்ணிரும். அந்தா, அந்தக் கட்டில்ல ஒருத்தர் படுத்திருந்தாரு. மக கல்யாணத்துல பழச்சாறு குடுத்தாங்கன்னு வயிறு நெறையக் குடிச்சாரு. பந்தலக் கூடப் பிரிக்கல."

கலாவதி அந்தக் கட்டிலைப் பார்த்தாள். அதில் வேறு ஒருவர் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தாகம் எப்படிப்பட்டது என்று அவளுக்கு அதற்குமுன் தெரியாது. காலையில் அவனுக்கான தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைப்பாள். மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும். பிறகு அவன் அவளைப் பார்க்க மாட்டான். அடுப்படியில் தண்ணீர் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவான். ஒரு நாள் அவன் குளித்துவிட்டு வர நேரமானது. போய்ப் பார்த்தால் பக்கெட்டில் முகத்தை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தான், சோப்பு நுரையோடு. இன்னொரு நாள் பைப்படியில் குடித்திருந்தான். அன்று சாயங்காலம் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே ஜீப்பில் கொண்டுபோனார்கள். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள். திரும்பி வந்ததும் கலாவதி குடத்தை எல்லாம் அடுப்படியில் வைத்துக் கதவுக்குப் பூட்டு வாங்கினாள். வேலைக்குப் போகும்போது சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டு போனாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஐஸ் வழியைக் காட்டியது பங்களாவுக்கு வந்த ஒரு விருந்தாளிக் குழந்தை. மீந்த சாற்றில் குச்சி செருகி உறைய வைத்துக் கொடுத்திருந்தாள். குழந்தை உறிஞ்சி உறிஞ்சிக் கொஞ்ச நேரத்தில் குச்சியை நீட்டி, "இதுல ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி, வெறும் ஐஸ்" என்றது. கட்டி வெள்ளையாக நின்றது. சின்ன வயதில் குச்சி ஐஸ் தின்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இனிப்பும் நிறமும் முதலில் இறங்கிவிடும், வெறும் ஐஸ் பின்னால் நிற்கும். அந்தக் குச்சியைக் குழந்தையிடமிருந்து வாங்கி நக்கிப் பார்த்தாள். வாசனை மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மரியசெல்வியிடம் கேட்டாள். மரியசெல்வி கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தாள்.

"எவ்வளவு எறங்குச்சு, எவ்வளவு நின்னுச்சுன்னு நம்மளால அளக்க முடியாதுக்கா."

"சுத்தமா வெளுத்தப்புறம்தானுங்க குடுப்பேன்."

"ஐஸும் தண்ணிதான். பாட்டில்ல அந்த அளவுக்குக் குறைச்சுப்போடணும். ரெண்டு சில்லு, அதுக்குமேல கெடையாது. நாஞ் சொன்னேன்னு டாக்டர்ட்டச் சொல்லிறாதீங்க."

வெறும் ஐஸை அவன் துப்பியிருந்தான். இரும்பை நக்குவது போல இருக்கிறது என்றான். இதைத் துப்பவில்லை. இரண்டு சில்லு கரைந்த பிறகு பாட்டில் தண்ணீர் சாயங்காலம்வரை நின்றது. பைப்படிப் பக்கம் போகவில்லை. கலாவதி பூட்டை எடுத்துவிட்டாள்.

போசியில் இறங்கும் சாற்றை முதல் நாள் வாசலில் கொட்டப் போனாள். பழத்தை வேலியிலிருந்து பறித்து, பிழிந்து, வடிகட்டி எல்லாம் செய்துவிட்டு மண்ணில் கொட்டக் கை வரவில்லை. குடித்தாள். மறுநாளும் குடித்தாள். காலையில் சோறு வடித்து, அவனைத் துடைத்து, லைனிலிருந்து பங்களா மேட்டுக்கு ஏறுவதற்குமுன் அந்த ஒரு வாய்தான் அவளுக்கென்று இருந்தது. சில நாள் காலையில் விழிப்பு வந்ததும் முதலில் அதைத்தான் நினைத்தாள். பக்கத்து வீட்டு மருதாயி ஒரு நாள் பைப்படியில், "புருசன் இளைக்க இளைக்க உனக்குக் கன்னம் வெச்சுட்டு வருது கலாவதி" என்றாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொன்னதில்லை. கலாவதி அன்று கண்ணாடி பார்த்தாள். உண்மைதான்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாதப்பனின் அக்கா அத்தாயி வந்தாள். மாரமங்கலத்தில் மிளகும் கொஞ்சம் காப்பியும் வைத்திருந்தாள். ஆத்தாள் செத்த பிறகு மாதப்பனை இடுப்பில் தூக்கி வளர்த்தது அவள்தான். தோளில் ஒரு மூட்டை. அதில் பலாப்பழம், மலைவாழைச் சீப்பு. கலாவதி வாழைச் சீப்பை எடுத்து மருதாயி வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்து அனுப்பினாள். பலாப்பழத்தைப் பங்களாவுக்குக் கொண்டுபோனாள். அத்தாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்புள்ள, பழத்தப் பிழிஞ்சு ஐஸு வெச்சு, அப்புறம் எதுக்குத் தூக்குல போட்டிருக்கறே?"

"ஒழுகட்டும்னுங்க அண்ணி."

"ஒழுகுனா மிச்சம் என்னத்த இருக்கும். தண்ணிதான் இருக்கும்."

"அவருக்குத் தண்ணிதானுங்க தாகம்."

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நேத்துச் சொன்னே."

"நெறையக் குடுக்கக் கூடாதுங்க. இது ரெண்டு சில்லு."

"அப்பப் பழச்சாறு?"

"அது ஆவாதுங்க. பழத்துல ஒரு உப்பு இருக்குது. அவரு நெஞ்ச நிறுத்திருமுங்க."

"பழத்துல உப்பு." அத்தாயி முந்தானையால் வாயைத் துடைத்தாள். "எனக்கு இத்தன வயசாச்சு. உப்புக் கரிக்கற பழம் நாந் தின்னதில்ல."

கலாவதி மெஷின் அறையில் கேட்டதை எல்லாம் சொன்னாள். கல்யாண வீட்டில் குடித்தவரைப் பற்றியும் சொன்னாள். அத்தாயி தலையை ஆட்டினாள். புரிந்துவிட்டது என்று கலாவதி நினைத்தாள். கட்டியைப் பிரித்து உடைத்து மூடியில் போட்டு, போசியை எடுத்து வழக்கம் போலத் திரும்பி நின்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அத்தாயி இன்னும் அங்கேதான் நின்றிருந்தாள்.

முன்னறையில் அவன் சில்லைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"என்ன சாமி திங்கறே?" அத்தாயி கேட்டாள்.

"சக்கைக்கா. சாரம் எல்லாம் அந்தப் பக்கம் போயிருது."

அவன் சிரித்தான். கலாவதியும் வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் சிரித்தாள். அத்தாயி சிரிக்கவில்லை. தம்பியின் மணிக்கட்டை எடுத்து விரல்களால் வளைத்துப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பிறகு கலாவதியின் முகத்தைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை திருவிழா. அதோடு கோடைக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. சேலத்திலிருந்து ஏறும் கார்களும் வேன்களும் வளைவுகளில் ஒன்றோடொன்று சிக்கி, மேலே வர வேண்டிய பஸ் வரவில்லை, அதனால் கீழே போக வேண்டிய பஸ்ஸும் இல்லை. மாதப்பனை நிறுத்தத்தில் சிமெண்டு மேடையில் உட்கார வைத்துக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். மதியம்வரை நின்றார்கள். கேட்ட ஜீப்புகள் எல்லாம் கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து மரியசெல்விக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு மெஷின் காலி இல்லக்கா. வியாழக்கிழமை காலைல முதல் ஆளாக் கூட்டிட்டு வந்துருங்க. அதுவரைக்கும் வாயக் கட்டுங்க. தண்ணி பாதி. பழத்த மோந்து பாக்கக்கூட விட்றாதீங்க."

"ஐஸுங்க?"

"ஒரு சில்லு. வெள்ளையா இருந்தா" என்றாள்.

புதன்கிழமை விடிந்ததும் பங்களாவிலிருந்து ஆள் வந்துவிட்டது. விருந்தாளிகள் வீடு நிறைய இருந்தார்கள். பங்களா அம்மா தன் ஒருத்தியால் முடியவில்லை என்று உடனே வரச் சொன்னாள். கலாவதி அப்போதுதான் கட்டியைத் துணியில் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். வெளுக்க நேரமாகும். நாளைக்குச் சேலம் போக இன்னொரு நாள் லீவு கேட்க வேண்டும், அதனால் இன்று மாட்டேன் என்று சொல்ல முடியாது.

"அண்ணி, நல்லா வெளுக்கட்டுமுங்க. வெளுத்தப்புறம் ஒரே ஒரு சில்லு. மிச்சத்த ஃப்ரீசர்ல வெச்சிருங்க."

"கீழ எறங்கறது?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கலாவதி ஒரு நொடி நின்றாள். கொட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று காலை அவள் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. சாயங்காலம் மேட்டிலிருந்து இறங்கி வரும்போது நாக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"மூடி ஃப்ரிஜ்ஜில வெச்சிருங்க" என்றாள். "நான் வந்து பாத்துக்கறேன்."

பங்களாவில் அன்று மிக்ஸி நிற்கவில்லை. சமவெளி வெயிலில் வெந்து ஏறி வந்தவர்கள் வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்து டம்ளர் டம்ளராக வாங்கிக் குடித்தார்கள். இரண்டு முறை வீட்டுக்குப் போன் போட்டாள். மாதப்பன் எடுத்தான். நன்றாக இருப்பதாகச் சொன்னான். குரலும் தெளிவாகத்தான் இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு இறங்கி வந்தாள். அத்தாயி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"போய்ப் பாரு. இன்னைக்குத்தான் எந்தம்பி மொகம் மொகமா இருக்குது."

கலாவதி நேரே அடுப்படிக்குப் போனாள். போசி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஃப்ரீசரில் அடுத்தடுத்த நாட்களுக்கு உறைய வைத்திருந்த டம்ளர்கள் எல்லாமே காலியாக, கழுவி, வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒரு தட்டில் வெள்ளை ஐஸ் கரைந்து தண்ணீராகக் கிடந்தது.

"அண்ணி, இதெல்லாம் எங்கீங்க?"

"குடுத்துட்டேன்."

"எல்லாமுங்களா?"

"ஆமா, எல்லாந்தான். என்ன முழிக்கறே? பொழுதினிக்கும் ஊத்தி ஊத்திக் குடுத்தேன். ஒண்ணும் ஆவல. நல்லா ஏப்பம் விட்டுத் தூங்குனான்." முறத்தைக் கீழே வைத்தாள். "அது வெசம்னா நீ எதுக்குக் குடிக்கறே? வெசத்த யாராவது மூடி வெக்கச் சொல்லுவாங்களா? எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நெனச்சுட்டியா புள்ள."

கலாவதி முன்னறைக்குப் போனாள். மாதப்பன் விழித்துத்தான் இருந்தான். உதட்டில் வெடிப்பு அடங்கியிருந்தது. மீசையின் ஓரத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது.

"நீங்க சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் ஏனுங்க?"

"நான் கேக்கல புள்ள. அவளாக் குடுத்தா. வாங்குனேன்." அவன் கூரையைப் பார்த்தான். "மொத டம்ளரு குடிச்சப்பச் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் அவ ரெண்டாவது கொண்டாந்தா."

"எந்திரிங்க. இப்பவே போலாம்."

அவன் எழப் பார்த்தான். கால் மடங்கியது. "ரெண்டு காலும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்குது" என்றான். நாக்கும் கொஞ்சம் தடித்திருந்தது.

எஸ்டேட் ஜீப் டிரைவர் சின்னன் உடனே வந்துவிட்டான். அவனும் மருதாயியின் புருஷனும் மாதப்பனைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள். கலாவதி அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அத்தாயி முன்னால் ஏறினாள். என்ன நடக்கிறது என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். வழக்கமாக வருவதுதான், மூச்சு வாங்குகிறது என்று சின்னன் சொன்னான்.

திருவிழாக் கூட்டம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் வரிசையாக வேன்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று, ஏறி வரும் வண்டிகளுக்கு வழி விட்டு, மறுபடி நகர வேண்டியிருந்தது. சின்னன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. யாரும் ஒதுங்க இடமில்லை. கலாவதி மாதப்பனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருந்தாள். அடிக்கும், பிறகு யோசிக்கும், பிறகு அடிக்கும்.

அவன் கையை அசைத்தான். அவள் குனிந்தாள்.

"அக்காகிட்ட ஒண்ணுஞ் சொல்லிறாதே" என்றான். "அவளுக்குத் தாங்காது."

"நீங்க பேசாம இருங்க."

"சொல்லாதேன்னு சொல்றேன்."

"சொல்லலீங்க."

அடுத்த வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. இரண்டு பக்கமும் ஆட்கள் இறங்கிக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய்க்கொண்டிருந்தபோது கலாவதியின் உள்ளங்கைக்குக் கீழே அடுத்த அடி வரவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினாள். நெஞ்சில் குத்தினாள். வாயில் ஊதினாள். அவன் வாயில் இன்னும் பழ வாசனை இருந்தது.

லாரி திரும்பிப் போனது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

சின்னன் திரும்பிப் பார்த்தான். "கீழ போலாமுங்களா அக்கா, இல்ல திரும்பிறலாமுங்களா?"

"திரும்பு" என்றாள் கலாவதி.

அகலமான இடம் வரும்வரை இன்னும் கொஞ்ச தூரம் கீழே இறங்கித்தான் திருப்ப முடிந்தது. அத்தாயிக்கு அதன் பிறகுதான் புரிந்தது. மேலே ஏறுகிற வழி முழுக்க அவள் அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் திருப்பூரிலிருந்து மகள் கமலாவும் மருமகனும் வந்தார்கள். லைன் வாசலில் சாமியானாத் துணி கட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, இன்னும் ஏன் வரவில்லை என்று. மருமகன் எடுத்துச் சொன்னான். பங்களா அம்மா மாலையோடு வந்து, வீட்டில் ஆட்கள் இருப்பதால் நிற்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். எஸ்டேட் ரைட்டர் வந்து பெயர் கேட்டு, வயது கேட்டுப் போனார்.

அத்தாயி தலைமாட்டில் உட்கார்ந்து வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். பழத்தைப் பிழிந்து சாற்றை இவள் குடித்துவிட்டு வெறும் ஐஸை அவனுக்குக் கொடுத்து வந்தாள் என்றும், கடைசி நாள் ஒரு நாளாவது தன் கையால் அவன் வயிறு குளிரக் குடித்தான் என்றும், அதைக் கொஞ்சம் முன்னாலேயே வந்து செய்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொன்னாள். பெண்கள் கலாவதியைப் பார்த்தார்கள். மருதாயி குனிந்து தரையைப் பார்த்தாள்.

கமலா ஆத்தாளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அத்த சொல்றது நெசமாம்மா?"

"ஆமா கண்ணு. நாந்தான் குடிச்சேன்."

கமலா வெளியே போய்விட்டாள். மதியம் எடுத்தார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள் தண்ணீர் நின்றதால் இறைத்துவிட்டு இறக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர்கள் பைப்படியில் குளித்தார்கள். மருதாயி வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தது. கமலா முன்னறையில் சாப்பிட்டாள். கலாவதிக்கு யாரும் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே போட்டுச் சாப்பிட்டாள். காரியம் முடியும்வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று அத்தாயி சொன்னாள். கலாவதி அவளுக்குப் பாய் எடுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று பங்களாவிலிருந்து ஆள் வந்து கேட்டது. திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.